அக்காவின் பெட்டிக்குள் என் குரல்

அக்கா தன் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்ன முழு வசனம் அக்காவுடையதா, என்னுடையதா? குரல் என்னுடையது, அதில் சந்தேகமில்லை. ஒன்பது வயதில், தடிமன் பிடித்து அடைத்த மூக்கோடு நான் பதிந்த குரல். அதை அழுத்தியது அக்காவின் இடது கை, அதிலும் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொற்கள் அவள் மனதில் இருந்தவையா, அல்லது நான் ஊகித்து அவள் மடியில் வைத்தவையா என்பதுதான் தெரியவில்லை.

என்னைப் போலவே இப்போது சின்னப் பிள்ளைகளோடு அல்லாடும் அம்மாமாருக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் என் வயதுக்காரர். தொண்ணூறுகளில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு நியூசிலாந்தின் ஓக்லாந்தில் வந்து இறங்கியவர்கள். குளிர்காலக் காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் தண்ணீர் வழிந்ததும், ஈரக் கார்ப்பெட்டின் மணமும் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் வீடு கிளென் ஈடனில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த பலகை வீடு. ஒரேயொரு எண்ணெய் ஹீட்டர் இருந்தது. அதற்குச் சில்லுகள் உண்டு. அக்கா எந்த அறைக்குப் போகிறாளோ அந்த அறைக்கு அதையும் பின்னால் உருட்டிக்கொண்டு போவோம்.

அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமாகிவிட்டது. அதனால் அவளுடைய கைகால்கள் அவள் சொற்கேட்பதில்லை, நாக்கும் கேட்பதில்லை. சக்கர நாற்காலியில்தான் இருப்பாள். கண்ணை மேலே உயர்த்தினால் ‘ஓம்.’ இறுக்கி மூடினால் ‘இல்லை.’ மற்ற எல்லாவற்றையும் அம்மா சொல்லுவார்.

அக்காவால் கதைக்க முடியாது என்று யாராவது சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

“ஆர் சொன்னது? அவ கதைக்கிறவ. எனக்கு விளங்கும்.”

உண்மையில் நிறையவே விளங்கியது. தண்ணீர், பசி, முதுகில் சட்டை மடிந்து உறுத்துவது, எல்லாம் அம்மாவுக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். ஆனால் அதோடு நிற்கவில்லை. “அவ சொல்லுறா” என்று தொடங்கி அம்மா எல்லா விஷயத்துக்கும் அக்காவின் அபிப்பிராயத்தைச் சொல்லுவார். “அவ சொல்லுறா, நீங்கள் நல்லா மெலிஞ்சு போனியளாம்.” “அவ சொல்லுறா, இந்த மீன் சரியில்லையாம்.” அப்பா வேலையால் பிந்தி வந்தால், “இஞ்சருங்கோ, அவ கேக்கிறா, ஏன் இவ்வளவு நேரமெண்டு.” அப்பா மங்கரேயில் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் இரவு வேலை செய்தார். சப்பாத்தைக் கழற்றியபடியே அக்காவைப் பார்த்துக் கண்ணடிப்பார். “அவவோ கேக்கிறா? அல்லது நீரோ?”

அந்தக் குளிர்காலப் பள்ளித் தவணையின் தொடக்கத்தில், ஒரு மழைநாளில், பேச்சு மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்காவின் பள்ளிக்கூடத்துக்கு வரும் பேச்சுப் பயிற்சி ஆசிரியையை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம். வெள்ளைக்காரப் பெண். நீளமான கால்கள், எப்போதும் சேறு பட்ட சப்பாத்து. அம்மா தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். “வேண்டாம், நன்றி” என்றார் அவர். அம்மா நேரே குசினிக்குள் போய்த் தேத்தண்ணியும் சுடச்சுட உளுந்து வடையும் கொண்டுவந்து வைத்தார். பேச்சு மிஸ்ஸின் முகத்தில் ஒரு குழப்பம். நமக்கு இதில் என்ன குழப்பம்? முதல் தரம் கேட்டவுடனே யாராவது ஓம் என்பார்களா? வேண்டாம் என்பது மரியாதை, மீண்டும் கேட்பது அன்பு. எங்கள் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மூச்சுவிடுவதைப் போல வந்தது.

வடையைச் சாப்பிட்டுக் கையைத் துடைத்துவிட்டு அவர் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு இயந்திரம். மேலே வரிசை வரிசையாகச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு படத்தை வைக்கலாம். ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு கதைத்தால் அந்தச் சதுரத்துக்குள் குரல் பதிவாகும். பிறகு எப்போது தொட்டாலும் அது கதைக்கும். இன்று கேட்டால் உங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்களுக்கோ அன்று அந்த அறையில் காற்றே நின்றுவிட்டது போல இருந்தது.

பேச்சு மிஸ் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். இந்தப் பெட்டி இந்தத் தவணைக்கு மட்டும் இரவல். தவணை முடிய அவர் வருவார். அக்காவுக்கு இது உதவுகிறது என்றால் அவளுக்கென்றே ஒன்றைப் பெற ஏற்பாடு செய்வார். இல்லையென்றால் இது காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போகும். அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் ஊமையாக ஒரு கேள்வி நின்றது: பெட்டி அக்காவோடு நிற்குமா, போய்விடுமா?

குரல் கொடுக்க அம்மா ஆயத்தமாகத் தொண்டையைச் செருமினார். பேச்சு மிஸ் சிரித்தார். “பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய ஆளின் குரல் வேண்டாமே. தங்கச்சி கதைக்கட்டும்.” அம்மாவின் முகம் ஒரு கணம் விழுந்ததை நான் கண்டேன். பன்னிரண்டு வருடம் செய்த வேலையை ஒரு நிமிடத்தில் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

என்ன சொற்கள் என்பதை அம்மா தீர்மானித்தார். அம்மா. அப்பா. தண்ணி வேணும். பசிக்குது. பாத்ரூம். வணக்கம். நன்றி. மிச்சமிருந்த சதுரங்களில் ஒரு தேவாரம், துண்டு துண்டாக. பேச்சு மிஸ் மட்டும் இடையில் புகுந்து, ஐஸ்கிரீம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒன்றைப் பதியச் சொன்னார். நான் ‘நன்றி’ சொன்ன நேரத்தில் பின்னால் ரயில் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. யாருக்கும் திரும்பப் பதியத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அக்கா நன்றி சொல்லும்போதெல்லாம் ஒரு ரயிலும் போகும்.

முதலாவதாக அக்கா தொட்டது அம்மாவின் படத்தை. அதற்கே நெடுநேரம் பிடித்தது. அவள் கை ஒரு பக்கம் போக நினைத்தால் இன்னொரு பக்கம் பறக்கும். அம்மா அலுத்துப்போய், கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அப்போதுதான் கை போய் விழுந்தது.

“அம்மா.”

“என்ன பிள்ளை?” என்று குசினிக்குள்ளிருந்து அம்மா என்னைக் கேட்டார்.

“நான் கூப்பிடேல்லை அம்மா.”

குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா மறுபடியும் அழுத்தினாள். என் வாய் மூடியிருக்க, என் குரலில், அக்கா அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா அப்படியே ஹீட்டருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். “என்ன குஞ்சு, என்ன குஞ்சு” என்று அக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். பேச்சு மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். நான் என் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அங்கே ஒன்றும் குறையவில்லை.

அடுத்த நாளே அம்மா பெட்டியைக் கண்ணாடி போன்ற பொலித்தீனில் சுற்றி ஒட்டினார். டீவி ரிமோட்டும் அப்படித்தான் இருந்தது, உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். “அரசாங்கத்தின்ர சாமான். ஒரு கீறல் விழக்கூடாது.” பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் துடைத்து ஷோகேஸில், பீங்கான் பொம்மைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். ஆட்கள் வந்தால் எடுப்பார். அக்கா வணக்கம் சொல்லுவாள், தேவாரம் சொல்லுவாள், ரயிலோடு நன்றி சொல்லுவாள். பெட்டி மீண்டும் ஷோகேஸுக்குப் போய்விடும். அக்கா கண்ணாடிக்கு வெளியே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தவணையின் நடுவில் பேச்சு மிஸ் வந்து பார்த்துவிட்டுத் திகைத்துப் போனார். பொலித்தீனில் அக்காவின் விரல்முட்டி வழுக்கியது. “இது அழுக்காகத்தான் வேண்டும்” என்றார் மெதுவாக. “சோறு கொட்டுப்பட வேண்டும். எச்சில் படவேண்டும். இல்லையென்றால் இது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.” அம்மா அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னபோது, நம்ப முடியாதவர் போலச் சொன்னார். “எச்சில் படட்டாமப்பா!” அப்பா கத்தரிக்கோலை எடுத்து வந்து பொலித்தீனை வெட்டினார். அடுத்த நாள் காலை வேலையால் வரும்போது, சரக்குப் பெட்டிகள் சறுக்காமல் இருக்க அடியில் போடும் றப்பர் விரிப்பில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, நாற்காலித் தட்டில் ஒட்டி, அதன்மேல் பெட்டியை வைத்தார். பிறகு அது அசையவே இல்லை. அந்த றப்பரில் பெற்றோல் மணமும் மழை மணமும் கலந்திருந்தன. எங்கேயாவது விமான நிலையத்தில் நிற்கும்போது இப்போதும் அந்த மணம் வந்து என்னைத் தொடுகிறது.

பேச்சு மிஸ் போகுமுன் இன்னொன்றும் கேட்டார். வலப்பக்கக் கீழ் மூலைச் சதுரம் அக்காவுக்கு மட்டும். அவள் விரும்புவதை அவளே தெரிவு செய்யட்டும். அம்மா யோசித்துத் தேவாரத்தின் கடைசித் துண்டை விட்டுக்கொடுத்தார். மூலைச் சதுரம் வெறுமையாகிவிட்டது.

பெட்டி நாற்காலித் தட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கதை தொடங்கியது. அக்கா ஐஸ்கிரீம் கேட்டாள். காலையில் கேட்டாள். குளித்துவிட்டு வந்ததும் கேட்டாள். அப்பா நித்திரையில் இருக்கும்போது கேட்டாள்.

“இந்தக் குளிருக்குள்ள என்ன ஐஸ்கிரீம்? சளி பிடிக்கும்.”

ஐஸ்கிரீம் வேணும், ஐஸ்கிரீம் வேணும் என்று ஆங்கிலத்தில் என் குரல்.

“சொன்னாக் கேளுங்கோ பிள்ளை.”

ஐஸ்கிரீம் வேணும்.

“ஐயோ, வாயை மூடு பிள்ளை!” என்று அம்மா கத்திவிட்டார். கத்திவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று விளங்கி, சேலைத் தலைப்பால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவிடம் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. எனக்கு நாளுக்குப் பத்துத் தரம் கிடைக்கும் ஏச்சு அது. அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டும்! பரிசு வாங்கியவள் போல இருந்தாள். அம்மாவும் சிரிக்கத் தொடங்கினார், கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் டெய்ரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெருமுனையிலிருந்த பால், பாண், மிட்டாய் விற்கும் சின்னக் கடை அது.

கடைக்காரர் ஒரு குஜராத்திக்காரர். வழக்கமாக அம்மாவிடம் விலை சொல்லுவார், எனக்கு ஒரு மிட்டாய் தருவார், அக்காவின் தலைக்கு மேலால் பார்ப்பார். அன்று அக்கா அழுத்தினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு உதடுகளையும் பற்களுக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். அக்கா மீண்டும் அழுத்தினாள். அவர் குனிந்தார். ஐஸ்கிரீம் பெட்டிக்கு மேலால் எட்டிக் குனிந்து, முதன்முறையாக அக்காவின் கண்ணுக்கு நேரே பார்த்து, “கோனா, கப்பா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அதற்குச் சதுரம் இல்லை. நான் பதறிப்போனேன். அம்மா “அவ சொல்லுறா” என்று தொடங்கினார். அதற்குள் அந்த மனிதர் ஒரு கையில் கோனையும் மறு கையில் கப்பையும் தூக்கிப் பிடித்தார். அக்கா கோனைப் பார்த்தாள். அவ்வளவுதான். அம்மா தொடங்கிய வசனம் பாதியில் நின்றது. வீட்டுக்குப் போகும் வழியில் மழை தூறியது. ஐஸ்கிரீம் அக்காவின் தாடையாலும் பெட்டியாலும் வழிந்தது. அம்மா துடைக்கவில்லை.

இப்படி எல்லாம் இருந்தும், பழக்கம் விடுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாசி என்ற பக்கத்து ஊரிலிருந்து மாமி வந்தார். அப்பாவின் தங்கை. பெட்டியைக் கண்டதும், “இதென்ன மச்சாள், பிள்ளையின்ர மடியில றேடியோப் பெட்டி?” என்றார். அக்காவுக்கு ஒரு சட்டை கொண்டுவந்திருந்தார். மஞ்சள் நிறம், சுற்றிவர சரிகைச் சுருக்கு, ஆறு வயதுப் பிள்ளை பிறந்தநாளுக்குப் போடுவது. அளவில்தான் பெரியது.

“அவ சொல்லுறா, நல்ல வடிவாம். நல்ல விருப்பமாம்” என்றார் அம்மா.

அக்கா கத்தினாள். உடம்பு முழுக்க விறைத்து, நாற்காலியின் கால்தட்டு அதிர்ந்தது.

“பாருங்கோ மச்சாள், சந்தோசத்தில கத்துறா” என்றார் அம்மா.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண் இறுக்கி மூடியிருந்தது. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். ஆனால் வந்தவரின் முகம் வாடக்கூடாது. இப்போது, நானும் ஒரு வீட்டை நடத்தும்போது, அம்மாவின் அந்த இரண்டு பக்க அவதி விளங்குகிறது. அன்று விளங்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அம்மா வேலையில் இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. அப்பா உள்ளறையில் நித்திரை. அக்கா மூலையிலிருந்த வெறுமையான சதுரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகும் சதுரத்தைப் பார்த்தாள்.

“என்ன போட?”

அவள் கதவில் தொங்கிய மஞ்சள் சட்டையைப் பார்த்தாள்.

“சட்டை பிடிக்கேல்லை எண்டு போடவோ?”

கண் மேலே போனது. ஆனால் அதோடு விடவில்லை. குசினி வாசலில் கொழுவியிருந்த அம்மாவின் ஏப்ரனைப் பார்த்தாள்.

“அம்மாவில கோவமோ?” கண் இறுகியது. “அம்மா பொய் சொல்லுறாவோ?” கண் மேலேயும் போகவில்லை, மூடவும் இல்லை. “மாமியைப் பற்றியோ? வேற சட்டை வேணுமோ? அம்மாவைக் கூப்பிடவோ?” இல்லை, இல்லை, இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. டீவியில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி தொடங்கும் நேரம். “அப்ப என்னடி? அம்மா சொன்ன மாதிரி நீ சொல்லேல்லை. அதோ?”

அக்காவின் கண் கூரை மோட்டைப் பார்த்துப் பறந்தது. உடம்பெல்லாம் சிரித்தது. தட்டு கடகடத்தது. நான் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னேன்: “நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

அவளுக்கு வேண்டியது அதுதானா? அல்லது அதற்குக் கிட்டவாக வந்த ஒன்றை, இவள் இதற்குமேல் கண்டுபிடிக்கமாட்டாள் என்று ஏற்றுக்கொண்டாளா? நான் அலுத்ததைப் போல அவளும் அலுத்துப் போயிருக்கலாமே. இதைத்தான் முப்பது வருடமாக நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தவணை முடிந்தது. பேச்சு மிஸ் வந்தார். அப்பா நித்திரை கொள்ளாமல், இஸ்திரி போட்ட சேட்டோடு கதிரை நுனியில் இருந்தார். அம்மா தேத்தண்ணி வைத்தார். எல்லோரும் நல்லாகத்தான் கதைத்தார்கள். பிறகு பேச்சு மிஸ் கேட்டார், மிகச் சாதாரணமாக: “அப்படியென்றால், இவளுக்கென்று ஒரு பெட்டிக்கு நான் எழுதட்டுமா? உங்களுக்கு விருப்பமா?”

அப்பா கையை விரித்தார். “வேண்டாம், வேண்டாம். எத்தனை பிள்ளைகள் காத்திருக்குதுகள். நீங்கள் எங்களுக்கு ஏற்கெனவே நிறையச் செய்துபோட்டீர்கள்.”

அம்மா சிரித்துக்கொண்டு தன் ஆங்கிலத்தில் சேர்த்தார். “அவவும் அதைத்தான் சொல்லுறா. மற்றப் பிள்ளைகளுக்குக் குடுக்கட்டாம்.”

இருவரும் முகத்தில் அதே சிரிப்போடு காத்திருந்தார்கள். அடுத்த தரம் கேட்பார். இன்னும் கொஞ்சம் வற்புறுத்துவார். அப்போது, சரி, நீங்கள் இவ்வளவு சொல்லும்போது, என்று ஒப்புக்கொள்ளலாம்.

பேச்சு மிஸ் கேட்கவில்லை. அவர் முகம் வாடியது. “எவ்வளவு பெரிய மனது உங்களுக்கு” என்றார். எழுந்துபோய்ச் சுவரிலிருந்து சார்ஜரின் வயரைக் கழற்றி, கையில் சுற்றத் தொடங்கினார்.

அந்த வயர் சுற்றுச் சுற்றாகக் குறைந்துகொண்டு போவதை நான் பார்த்தேன். அப்பாவின் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. அம்மாவின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துப் பிசைந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒன்றை, வேணும் என்று எப்படிக் கேட்பது? அந்த அறையில் இருந்த பெரியவர்களில் ஒருவருக்கும் பெட்டி போகவேண்டும் என்று விருப்பமில்லை. ஆனாலும் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

அக்காவின் கை எழும்பியது. அவளுக்குப் பதற்றம் கூடக் கூடக் கை இன்னும் தூரமாகப் பறக்கும். விழுந்த இடம் “வணக்கம்.” மீண்டும் பறந்தது. “தண்ணி வேணும்.”

“தண்ணி கேக்கிறா” என்று அம்மா எழுந்தார், எழுந்து போக ஒரு காரணம் கிடைத்தது போல.

பெட்டியை எடுக்கக் குனிந்த பேச்சு மிஸ், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “பொறுங்கள்” என்றார். “இவள் இன்னும் முடிக்கவில்லை.”

நாங்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது பெட்டியின் விளிம்பில் தட்டுப்பட்டது. றப்பர் விரிப்பில் உராய்ந்தது. தலையையும் தோளையும் முழு உடம்பையும் அக்கா அந்த ஒரு விரல்முட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. பிறகு, வலப்பக்கக் கீழ் மூலை.

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

அம்மா சடக்கென்று என் பக்கம் திரும்பினார். “நீயோ கதைச்சனி?”

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அக்கா கையை எடுக்காமல் மீண்டும் அழுத்தினாள். நான் அப்பிடிச் சொல்லேல்லை.

“என்ன சொல்கிறாள்?” என்று பேச்சு மிஸ் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கேட்டது அம்மாவை.

இன்று நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. பன்னிரண்டு வருடம் அக்காவுக்காகக் கதைத்த அம்மா, அக்கா உண்மையிலேயே சொன்ன ஒன்றை முதல் தடவையாக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அந்த வசனமோ அம்மாவையே மறுக்கும் வசனம். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லுறா என்றிருக்கலாம். அந்த அறையில் அதை நாங்கள் யாரும் பிழை பிடித்திருக்கமாட்டோம். அம்மா நெடுநேரம் அக்காவைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துச் சொன்னார்.

“அவ சொல்லுறா... தான் அப்படிச் சொல்லவில்லையாம். நான்தான் சொன்னேன்.”

அப்பா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பேச்சு மிஸ் அக்காவின் முன்னால் முழங்காலில் இருந்தார். “உனக்கு இது வேண்டுமா?” என்று அவளையே கேட்டார். அக்காவின் கண் மேலே போனது. போனது திரும்பி வரவேயில்லை. மேலேயே நின்றது, நாங்கள் எல்லோரும் சிரித்து முடியும் வரை. வயர் மீண்டும் சுவரில் ஏறியது.

அக்காவின் சொந்தப் பெட்டி பிறகு வந்தது. அதற்குப் பின் இன்னும் நல்லது, அதற்குப் பின் இன்னும் நல்லது. அந்த முதல் பெட்டி யாரோ ஒரு பிள்ளையிடம் போய், பிறகு எங்கே போனதோ தெரியாது. ஒன்பது வயதுக் குரல் எல்லாம் அழிந்திருக்கும், ரயிலும். அம்மா மட்டும் அதற்குப் பிறகு “அவ சொல்லுறா” என்று தொடங்கினால், நடுவில் நிறுத்தி, அக்காவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் முடிப்பார். சில நேரம் முடிக்கவே மாட்டார்.

இன்று அக்கா தனி ஃபிளாட்டில் இருக்கிறாள். உதவிக்கு ஆட்கள் வந்து போகிறார்கள். அவள் கண் போகும் இடத்தைத் திரை பின்தொடர்கிறது, கண்ணால் எழுதுகிறாள். சாமான் ஓடர் செய்கிறாள், வாடகை கூட்டியவரோடு சண்டை பிடிக்கிறாள், எனக்குப் பாதி நாள் ஏச்சு அனுப்புகிறாள். பார்வை எழுத்தாக மாறுவதை நான் இன்னும் வாய் பிளந்துதான் பார்க்கிறேன். என் கேள்வியை அவளிடமே ஒருநாள் கேட்டேன். அந்த வசனம் உன்னுடையதா, என்னுடையதா? அவள் ஆங்கிலத்தில் எழுதினாள்: நான் சொல்ல நினைத்தது அதைவிட மோசமானது. என்ன அது என்று கெஞ்சினேன். திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். என் மகனுக்கு நாலு வயது. அவனுக்கும் பேச்சு வரவில்லை. காரணம் வேறு, கைகள் நன்றாக வேலை செய்கின்றன, மிக நன்றாக. அவனுக்கு ஒரு டாப்லெட் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை சொல்லும் போடலாம், எந்த மொழியிலும் போடலாம். நான் இரவெல்லாம் படித்து, எல்லோரிடமும் விசாரித்து, பிழை வந்துவிடக்கூடாது என்று பயந்து பயந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டேன். பழம், தண்ணி, போதும், வேண்டாம், வெளியே போவம். அவற்றோடு ஒன்று, என் குரலில்: ‘அம்மாவில எனக்கு நல்ல விருப்பம்.’ போடவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவேண்டும் போல இருந்தது.

அவன் பொத்தான்களை அழிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். முதலாவதாக அதைத்தான் அழித்தான். நான் திரும்பப் போட்டேன். அவன் திரும்ப அழித்தான். கோபமில்லாமல், சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பது போல. பிறகு என் மடியில் வந்து ஏறி இருந்தான். அதே நாளில் ‘போதும்’ பொத்தானையும் அழித்துவிட்டு, அது இல்லாமல் தலையைத் தரையில் அடித்து அழுதான்.

அழிக்க முடியாதபடி பூட்டிவிடலாம் என்கிறார் அவனுடைய பேச்சுப் பயிற்சியாளர். அது என்னுடைய முடிவாம். பூட்டினால் அவனுக்குத் தேவையான சொற்கள் இருக்கும். பூட்டினால் நான் போட்டவை மட்டுமே இருக்கும். என் கணவர் பூட்டச் சொல்கிறார். அக்கா என்ன சொல்வாள் என்று கேட்காமலே எனக்குத் தெரியும். ஆனால் அவள் எப்போதும் பொத்தானை அழுத்தும் பக்கத்தில் இருந்தவள். பொத்தானை நிரப்பும் பக்கத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்கவேண்டும். அம்மா இருந்தால் கேட்டிருப்பேன்.

இப்படியான பிள்ளை உங்களுக்கு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எனக்கு எழுதுங்கள். பூட்டவா, விடவா? அவனுடைய பயிற்சியாளர் வரும் திங்கட்கிழமை பதில் கேட்டு வருவார். நீங்கள் ஆசைப்பட்டுப் போட்ட சொல்லை உங்கள் பிள்ளை வேண்டாம் என்று எடுத்துவிட்டால், நீங்கள் அதைத் திரும்பவும் போடுவீர்களா?